ஒரு கைப்பிடிச் சேற்றுக்கு இரண்டு கணினிகள்

ஒரு கைப்பிடிச் சேற்றுக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்?

இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. இதுதான் வேலை என்று சம்பளம் வாங்குகிறவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். தெரிந்தவர்கள் எழுதியதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். சேற்றுக்குள் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது என்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கணினியே வாங்குகிறோம். வாங்குவதற்கு முன்னாலேயே சொல் என்றால் எப்படிச் சொல்வது?

நான் போர்ட் பிளேரில் ஒரு சிறிய ஆய்வகத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்தவள். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், மின்துறையில் இருக்கிறார். பத்துபஸ்தியில் வாடகை வீடு. விமானம் இறங்கும்போது அடுக்களைப் பாத்திரங்கள் லேசாக அதிரும். இதெல்லாம் நடந்தபோது எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வகத்தில் நாங்கள் பார்ப்பது அலையாத்திக் காட்டின் சேற்றை. வண்டூர் பக்கம் ஓர் ஓடை கடலோடு சேரும் இடத்தில், நீர் வடிந்த நேரமாகப் பார்த்து, முதலை வருகிறதா என்று ஒருவர் காவல் நிற்க, இன்னொருவர் குனிந்து ஒரு கைப்பிடி அள்ள, எடுத்து வந்தோம். கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவற்றை ஒவ்வொன்றாக வளர்த்துப் பார்க்கலாமே என்றால், பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர மாட்டேன் என்கின்றன. அதனால் மொத்தச் சேற்றிலிருந்தும் எல்லா உயிர்களின் டிஎன்ஏவையும் ஒன்றாகவே பிரித்தெடுத்து, குளிர்பெட்டியில் வைத்து மெயின்லேண்டுக்கு அனுப்புகிறோம். இங்கே சென்னை, கொல்கத்தா எல்லாமே மெயின்லேண்ட்தான். அங்கே ஓர் இயந்திரம் அதைப் படித்து, நான்கே எழுத்துகளால் ஆன சின்னச் சின்னத் துண்டுகளாக ஒரு ஹார்டு டிஸ்கில் திருப்பி அனுப்பும். அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி, எது எந்த உயிருடையது என்று பிரிப்பது எங்கள் பாடு.

இதைக் கணவருக்கு விளங்கவைக்க எங்கள் மொட்டைமாடியைத் துணைக்கு அழைத்தேன். கட்டடத்தில் இருக்கும் எல்லாக் குடித்தனத்தின் துணியும் ஒரே மாடியில்தான் காயும். இந்த ஊர் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்தால், வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஓடிப்போய் அத்தனை வீட்டுத் துணியையும் வாரிக்கொண்டு வந்து ஒரு கட்டிலில் கொட்டுவார்கள். பிறகு உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

"அந்த மாதிரிதாங்க. பிரிக்கிற கை எத்தனைங்கிறது பிராசசர். மடிச்சு வைக்கிற பீரோ ஹார்டு டிஸ்க். கட்டில் இருக்குல்ல, அதுதான் மெமரி. எல்லாத்தையும் ஒரே நேரத்துல விரிச்சுப் பாத்தாத்தான் எதுக்கு எது ஜோடின்னு தெரியும். கட்டில் சின்னதுன்னா கீழ விழுந்துரும்."

"எத்தன வீட்டுத் துணி?"

"அதான் தெரியாது."

"தெரியாமலே கட்டில் வாங்கப் போற? அச்சா." என் கணினித் திரையில் நான் தட்டி வைத்திருந்ததை எட்டிப் பார்த்தார். "நினைவகம்னு எழுதியிருக்க. எந்தத் தலைவருக்குக் கட்டப் போற?"

அவருக்கு எல்லாம் சிரிப்புதான். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. காரணம், எங்கள் மேடம் சொல்லியிருந்த ஒரு விஷயம்.

மேடம்தான் ஆய்வகத்தின் பொறுப்பாளர். தெலுங்குக்காரர், இங்கே எல்லோரையும் போலப் பாதி ஹிந்தியும் பாதி எதிராளியின் மொழியுமாகப் பேசுவார். கணினி வாங்கப் பணம் வந்திருக்கிறது என்று அவர் சொன்ன அன்றே இதையும் சொன்னார்.

"மெஷின் நீதான் சூஸ் பண்ணணும். இந்த டேட்டா இங்க ஓடலைன்னா மெயின்லேண்ட் ஜானா படேகா, போய்த்தான் ஆகணும். அங்க பெரிய மெஷின் இருக்கு. ஆறு மாசம் இருந்து முடிச்சிட்டு வரணும்."

"யார் மேடம்?"

"வேற யாருக்கு இந்த வேலை தெரியும்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க ஹாஸ்டல்லதான் தங்கணும், குழந்தையோட விட மாட்டாங்க. அதனாலதான் முன்னாடியே சொல்றேன். அச்சா மெஷின் சூஸ் கரோ."

நல்ல கணினியாகத் தேர்ந்தெடுத்தால் மகளோடு இருக்கலாம். தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஆறு மாதம் கடலுக்கு அந்தப் பக்கம். இவ்வளவு தெளிவாக என் வாழ்க்கையில் எதுவும் என் முன் வைக்கப்பட்டதில்லை. பள்ளியில் எந்தப் பாடப்பிரிவு எடுப்பது என்றுகூட அப்பாதான் சொன்னார்.

வாடகைக் கணினியில் இணையம் வழியாக ஓட்டலாமே என்று சிலர் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பொருள் வாங்க வந்த பணத்தில் வாடகை கொடுக்க விதியில்லை. கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ மேல் என்றாலும், எங்கள் கட்டடத்துக்கு வந்து சேர்வதற்குள் அது களைத்துப்போய்விடும்.

மெயின்லேண்டிலிருந்து கணினி விற்பவர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். மிகவும் மரியாதையானவர், தமிழர்.

"மேடம், எல்லாரும் இப்ப கிராஃபிக்ஸ் கார்டுதான் கேக்கறாங்க. ஏஐ காலம் மேடம். ரெண்டு கார்டு போட்டுத் தரேன், பறக்கும்."

"எனக்கு கார்டு வேணாங்க. மெமரிதான் நிறைய வேணும்."

"என்ன வேலைக்கு மேடம்?"

"சேத்துக்கு."

"எதுக்கு?"

"சேறு. சேறு இருக்குல்ல, அதுக்கு."

மறுமுனையில் எதையோ தட்டி எழுதும் சத்தம் கேட்டது. பிறகு மிகவும் அக்கறையோடு சொன்னார்: "மெஷின சேத்துல வைக்கக் கூடாது மேடம். வாரண்டி போயிடும்."

அவருக்கு விளக்கிச் சொன்னேன். பிரிக்கும் கைகள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் விரிக்க இடம் இல்லையென்றால் பயனில்லை என்று சொன்னபோது அவருக்கும் பிடிபட்டது. அவர் பதிலுக்கு எனக்கு ஒன்றைச் சொல்லித்தந்தார். நினைவகத்தில் சாதாரண வகை ஒன்று, பிழை திருத்தும் வகை ஒன்று என உண்டாம். எங்கோ விண்வெளியிலிருந்து வரும் துகள் ஒன்று சில்லில் பட்டால் அதிலிருக்கும் ஒரு குறி புரண்டுவிடக் கூடும். பிழை திருத்தும் வகை அதைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். வண்டூர்ச் சேற்றின் ஓர் எழுத்தை வானத்திலிருந்து ஏதோ ஒன்று வந்து மாற்றிவிடுமா? அன்று துணி காயப்போடும்போது வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை திருத்தும் வகையைத்தான் கேட்டேன். இந்த ஒரு முடிவில் மட்டும் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

மற்ற எல்லாவற்றிலும் உண்டு. முதல் சந்தேகம், ஒன்றா இரண்டா என்பது.

தீவில் யாரும் எதையும் ஒற்றையாக வாங்குவதில்லை. நான் வந்த புதிதில் எங்கள் வீட்டில் ஒரே மாதிரி இரண்டு மிக்ஸி இருப்பதைப் பார்த்து, கல்யாணப் பரிசு இரட்டையாக வந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். இல்லை; ஒன்று ஓடும், மற்றது அதற்குப் பாகம் கொடுக்கும். கப்பல் வராத வாரத்தில் ஒரு சின்ன ரப்பருக்காகச் சட்னி அரைக்காமல் இருக்க முடியாதல்லவா. குக்கர் வளையம், மோட்டாரின் கெப்பாசிட்டர், பைக்கின் கிளட்ச் கம்பி, எல்லாம் ஜோடிதான்.

"ரெண்டா வாங்கு" என்றார் கணவர். "இங்க கரண்ட் எப்படின்னு எனக்குத் தெரியும். ஏறும், எறங்கும். உப்புக் காத்து வேற. ஒண்ணு படுத்திருச்சுன்னா மெயின்லேண்ட்லருந்து ஆள் வர்ற வரைக்கும் என்ன பண்ணுவ? மொகத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பியா?"

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. கையிலிருந்த பணத்துக்கு ஒரு பெரிய கணினி, ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி நினைவகத்தோடு வாங்கலாம். அல்லது அதில் பாதி நினைவகத்தோடு இரண்டு. அதுவரை படித்த எந்தக் கட்டுரையிலும் இரண்டு வாங்கு என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் அவற்றை எழுதியவர்கள் யாரும் கப்பலுக்காகக் காத்திருந்தவர்கள் இல்லையே என்று நினைத்தேன். இரண்டு என்றே எழுதி மேடத்திடம் கொண்டுபோனேன்.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "சலேகா?"

இந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹிந்தியில் இதற்கு 'ஓடும்' என்று பொருள். இங்கே அதே சொல்தான் 'போதும்', 'பரவாயில்லை', 'சமாளித்துக்கொள்ளலாம்' எல்லாம். சோறு குழைந்துவிட்டதா, சலேகா. சாத்தம் படகுத்துறையிலிருந்து படகு கிளம்பத் தாமதமா, சலேகா. வங்காளியும் தமிழரும் மலையாளியும் இந்த ஒரு சொல்லில்தான் தினமும் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்கிறார்கள்.

மேடம் கணினி ஓடுமா என்று கேட்டாரா, அது போதுமா என்று கேட்டாரா? ஓடும் என்று எனக்குத் தெரியும். போதுமா என்று தெரியாது. "சலேகா மேடம்" என்றேன். ஒரே சொல்லில் இரண்டையும் சொல்லிவிட்டேன் என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது. திரும்பி ஏறலாமா என்று பாதிப் படியில் நின்றேன். ஏறவில்லை.

இன்னொரு முடிவும் என் கையில் விடப்பட்டது. நினைவகம் என்பது கையளவு நீளச் சட்டங்களாக வரும். அவற்றைச் செருக ஒவ்வொரு கணினிக்குள்ளும் எட்டு இடங்கள். சின்னச் சட்டங்களால் எட்டையும் நிரப்பட்டுமா, பெரிய சட்டங்களாக நான்கு மட்டும் போட்டு நான்கைக் காலியாக விடட்டுமா என்று விற்பவர் கேட்டார். நிரப்பினால் வேகம் கூடும். ஆனால் பிறகு எதுவும் சேர்க்க முடியாது.

அந்தக் கேள்வியோடு வீட்டுச் சன்னலில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டின் தளத்துக்கு மேல் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அடுத்த மாடி எப்போது கட்டுவார்களோ, அதுவரை துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு கம்பிக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். நான்கு இடம் காலியாக இருக்கட்டும் என்று எழுதி அனுப்பினேன். வேகம் குறையுமே என்ற கவலை அனுப்பிய மறுநிமிடமே தொடங்கிவிட்டது.

கணினிகள் சரக்குக் கப்பலில் வந்தன. பெட்டியைப் பிரித்தபோது உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலங்கள். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து பார்த்தேன். கையளவு பலகையில் இவ்வளவு மெல்லிய கோடுகளை யார் வரைந்திருப்பார்கள்! அந்த நினைவகச் சட்டம் ஒன்றில் எத்தனை எழுத்து நிற்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, கணக்கை விட்டுவிட்டேன்; பிரமிப்பாக இருந்தது. என் ஊர் நூலகத்தின் அத்தனை அலமாரிகளும் அதன் ஒரு மூலைக்குக் காணாது.

இவ்வளவு பெரியதில் ஒரு கைப்பிடிச் சேறு அடங்காமல் போகுமா என்று தைரியம் வந்தது. ஹார்டு டிஸ்கிலிருந்து துண்டுகளை ஏற்றி, ஓடவிட்டு, வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வந்து பார்த்தபோது திரையில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் நின்றது. தமிழில் சொன்னால், 'கொல்லப்பட்டது'. நினைவகம் போதாமல் போனால் கணினி அந்த வேலையை இப்படித்தான் முடித்துவைக்கும். மன்னிப்பு, விளக்கம் எதுவும் கிடையாது.

பக்கத்துக் கணினி சும்மாதான் இருந்தது. அதிலும் அதே அளவு கட்டில். ஆனால் பக்கத்து வீட்டுக் கட்டில் எதற்கு உதவும்? ஒரு காலுறை இங்கே கிடந்து அதன் ஜோடி அங்கே கிடந்தால் இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது. இதை நானே என் கணவருக்கு விளக்கிச் சொல்லியிருந்தேன். அப்படியிருந்தும் கட்டிலை இரண்டாகப் பிரித்து வாங்கியிருக்கிறேன்.

ஹார்டு டிஸ்கின் ஒரு பகுதியையே நினைவகம் போலப் பயன்படுத்தச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு துணிக்கும் பீரோவரை நடந்துபோய்த் திரும்புகிற கதைதான். வேலை நகரவே இல்லை. மேடம் பின்னால் வந்து நின்றார்.

"ஆதா டேட்டா போடு. பாதித் துண்டு மட்டும். சலேகா?"

பாதித் துண்டுகளை எடுத்துவிட்டால் நிச்சயம் ஓடும். நிறைய இருக்கும் உயிர்கள் அப்போதும் தெரியும். ஆனால் சேற்றில் அரிதாக இருப்பவை, ஏற்கெனவே ஒன்றிரண்டு துண்டுகளாக மட்டும் வந்திருப்பவை, அவைதான் முதலில் காணாமல் போகும். அவற்றைத் தேடித்தானே முதலை இருக்கும் ஓடையில் இறங்கினோம்.

"நஹி சலேகா, மேடம்" என்றேன்.

நான் அவரிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல்முறை. அவர் கோபப்படவில்லை. "தோ ஃபிர் மெயின்லேண்ட்" என்றார். அப்படியானால் மெயின்லேண்ட். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து வேப்பிலை அரைத்தேன். பால் மறக்கவைக்க எங்கள் பக்கம் செய்வது அதுதான். இன்னும் சில மாதம் கொடுக்கலாம் என்றிருந்தேன். ஆனால் விட்டுவிட்டுப் போகிறவள் முன்னாலேயே பழக்க வேண்டாமா? தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். பாப்பா வாய் வைத்தாள். முகம் சுருங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது என்பதுபோல. பிறகு தன் கவுனின் நுனியால் பச்சையைத் துடைத்துவிட்டு மறுபடியும் குடிக்கத் தொடங்கினாள். துடைத்தது போதவில்லை, ஒவ்வொரு வாய்க்கும் கசப்பில் உடம்பை உதறினாள். ஆனாலும் விடவில்லை. நான்தான் எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்தேன்.

கணவர் வாசல் பக்கம் செருப்பை மாட்டிக்கொண்டே, "போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன். கீழ தீதி இருக்காங்கல்ல" என்றார். கீழ்வீட்டு வங்காள அக்காவைத்தான் அப்படிச் சொல்வோம். பகலில் பாப்பா அவரிடம்தான் இருப்பாள்.

"எல்லாம் உங்களாலதான். ரெண்டா வாங்கு, ரெண்டா வாங்குன்னீங்க. இப்ப ரெண்டு கட்டில் இருக்கு, ரெண்டுலயும் எடம் பத்தல."

"பத்தலைன்னா ரெண்டையும் சேத்துப் போடு. அன்னிக்கு தீதி வீட்டுத் துணி கொட்டினப்ப போடல?"

"கம்ப்யூட்டர் கட்டில் இல்லீங்க!"

"நீதான கட்டில்னு சொன்ன! நானா சொன்னேன்?"

எனக்கு அவர் மேல் பொறுக்க முடியாத எரிச்சல். அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கே அலமாரி மேல் இரண்டாவது மிக்ஸி இருந்தது, மூடியும் கப்ளரும் இல்லாமல். அவை இரண்டும் கீழே, ஓடுகிற மிக்ஸியில் இருந்தன. அதைத் தினமும் பார்க்கிறேன்.

நான்கு இடம் காலியாக இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது.

விற்பவரைக் கூப்பிட்டேன். "ஒண்ணுலருந்து மெமரியக் கழட்டி இன்னொண்ணுல போட்டா ஓடுமா?"

"ரெண்டும் ஒரே மாடல்தான மேடம், தாராளமா ஓடும். ஆனா ஒரு மெஷின் சும்மா நிக்குமே?"

"நிக்கட்டும்."

"கையில வளையல் இருந்தா கழட்டிருங்க. சட்டத்தத் தொடறதுக்கு முன்னாடி மெஷினோட இரும்ப ஒரு தடவ தொட்டுக்கங்க. உடம்புல இருக்கற கரண்ட் எறங்கிடும்."

வளையல்களைக் கழற்றி மேடத்திடம் கொடுத்தேன். அவர் அவற்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார், கோயிலில் நிற்பதுபோல. இரும்பைத் தொட்டேன். சட்டத்தின் இரு பக்கமும் இருந்த சின்னக் கொக்கிகளை விலக்கியதும், அது பல் விழுவதுபோலத் தானாக மேலே வந்தது. நான்கையும் எடுத்து மற்றதில் செருகினேன். அழுத்த வேண்டிய அழுத்தம் பயமாக இருந்தது. உடைந்துவிடும் என்று தோன்றும் இடத்தையும் தாண்டி அழுத்தினால்தான் 'க்ளிக்' என்று உட்காருகிறது.

நான் தகட்டை மூடிக்கொண்டிருந்தபோது, மேடம் என்ன நினைத்தாரோ, காலியான கணினியின் பொத்தானை அமுக்கிவிட்டார். அது விட்டு விட்டுக் கத்தியது. நினைவகம் இல்லாத கணினிக்கு அந்த ஒரு சத்தம்தான் தெரியும்.

"அரே, ரோ ரஹா ஹை" என்றார் மேடம், பதறிப்போய். அழுகிறதே என்று அர்த்தம். "எப்படி நிப்பாட்டறது?"

நிறுத்தினேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்போடு பாப்பாவின் நினைவும் வந்தது.

அதன் பிறகு சில நாட்கள் நான் செய்ததெல்லாம் ஒரு கோட்டைப் பார்த்ததுதான். நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று திரையில் காட்டும் கோடு. அது ஏறியது. முன்பு வேலை கொல்லப்பட்ட அளவை நெருங்கியபோது நான் நாற்காலியில் உட்காரவில்லை. தாண்டியது. இன்னும் ஏறியது. ஒரு கைப்பிடிச் சேறு, என் உள்ளங்கையில் அடங்கிய சேறு, இந்த இயந்திரத்தின் கட்டில் முழுவதும் விரிந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் என்ற இடத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. ஜோடி சேர்ந்துவிட்ட துணிகளை அது மடித்து வைக்கத் தொடங்கியிருந்தது.

ஒட்டி முடித்தவற்றை, உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட உயிர்களோடு ஒப்பிட்டேன். பொருத்தம் இல்லை. அடுத்தது, பொருத்தம் இல்லை. பக்கம் பக்கமாக அதே பதில். எங்கோ தவறு செய்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். என் வழக்கம் அது. தெரிந்த உயிர்களின் துண்டுகளைக் கலந்து அதே கணினியில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பெயர் சொன்னது. அப்படியென்றால் சேறு சொன்னதும் சரி. அதற்குள் இருந்தவற்றில் பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாதவை.

அவற்றில் ஒரு துண்டு மட்டும் விசித்திரமாக இருந்தது. அதன் கடைசி எழுத்துகளும் முதல் எழுத்துகளும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டு முனையும் சேர்ந்தால் வட்டம்; இந்த மாதிரி உயிர்களின் டிஎன்ஏ வட்டமாகத்தான் இருக்கும். எங்கும் அறுபடாத, மிகச் சிறிய ஓர் உயிரின் முழுப் பாடமும் என் திரையில். மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த உயிர் இருப்பது இந்த நிமிடம் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

போன பொங்கலுக்கு வண்டூர் போயிருந்தபோது பாப்பா அதே பக்கத்துச் சேற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். நான் கத்திக் கூப்பாடு போட்டு, விரலை விட்டுத் தோண்டி, குடிநீர் முழுவதையும் ஊற்றிக் கழுவி, இரண்டு நாள் அவள் வயிற்றையே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வட்டத்தைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது. அன்று அவள் நாக்கில் இருந்தது என்னவென்று இரண்டு கணினி வாங்கியும் என்னால் பாதிதான் சொல்ல முடிகிறது. ஆனால் அந்தக் காடு அதன் மேல்தான் நிற்கிறது. அந்த மரங்களின் வேர் உப்பைத் தாங்குவதும், அழுகியது மண்ணாவதும், நண்டுக்கு இரை கிடைப்பதும் இவை இல்லாமல் நடக்காது. நான் பயந்து பயந்து கழுவிய சேறு அது.

மெயின்லேண்ட் போக வேண்டிய அவசியம் வரவில்லை. மேடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேப்பிலைக் கிண்ணத்தைத் தேய்த்துக் கவிழ்த்தேன். பாப்பா பிறகு தானாகவே, ஒரு நாள் விளையாட்டு மும்முரத்தில், பாலை மறந்துபோனாள். எனக்குத்தான் அது நினைவில் இருக்கிறது.

இப்போது அவளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. என் கை மேல் தலை வைத்தால்தான் தூங்குவாள். ஆய்வகத்தில் ஒரு கணினி எட்டு இடமும் நிரம்பி ஓடுகிறது. மற்றது காலியாக, தூசி படியாமல் துணி போர்த்தி நிற்கிறது. ஒன்று படுத்துவிட்டால் மற்றது இருக்கிறது என்று வாங்கினேன். இப்போது ஒன்றுதான் இருக்கிறது, அது படுத்துவிடக் கூடாது. இரண்டாக வாங்கியது பிழையா? ஒன்றாக வாங்கியிருந்தால் முதல் நாளே ஓடியிருக்கும். ஆனால் போன மழையில் ஓடுகிற கணினியின் பவர் சப்ளை போனபோது, காலியான கணினியிலிருந்துதான் அதைக் கழற்றி மாட்டினோம். அன்று என் கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு பெருமை. அப்படியானால் சரியா? எனக்குத் தெரியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அடுத்த சேறு வரப்போகிறது. வேறோர் ஓடை, இன்னும் ஆழத்திலிருந்து எடுத்தது. மறுபடியும் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. மறுபடியும் மேடம், "நீதான் சூஸ் பண்ணணும்" என்றிருக்கிறார். இங்கே ஓடவில்லையென்றால் மறுபடியும் அதே ஹாஸ்டல்தான்.

படிக்கிறவர்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். முதலில் சிறு பகுதியை ஓட்டிப் பார்த்து முழுதுக்கும் கணக்கிடலாம் என்கிறார்கள். நான் செய்து பார்த்தேன், துண்டுகளைக் கூட்டக் கூட்டப் புதிய உயிர்கள் வந்துகொண்டே இருக்கின்றன, வரைந்து பார்த்த கோடு எங்கும் வளைந்து படுக்கவில்லை. அளவு தெரியாத ஒன்றுக்கு நீங்கள் எப்படி அளவு எடுக்கிறீர்கள்? காலியாக நிற்பதற்கே புதிய சட்டங்கள் வாங்கிப் போடட்டுமா, அல்லது இதைவிட இரண்டு மடங்கு பெரியதாக ஒன்று, துணைக்கு எதுவும் இல்லாமல், வாங்கட்டுமா? பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்காகக் கடல் கடந்தவர்கள் இருந்தால், அதையும் எழுதுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் உங்கள் கை மேல் தலை வைத்தார்களா?

தெரிந்ததைச் சொல்லுங்கள். 'சலேகா' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.